வீட்டில் செய்யும் மின்சுற்றுப் பலகை

மின்தடை, மின்தேக்கி, டிரான்சிஸ்டர் முதலிய உறுப்புகளைத் தாங்கி, அவற்றைச் செம்புத் தடங்களால் இணைக்கும் காப்புப் பலகையே அச்சிட்ட மின்சுற்றுப் பலகை ஆகும். கடைகளில் இதனைப் ‘பி.சி.பி.’ என்பர். இதன் வரலாறு அச்சுத்தொழிலோடு பிணைந்தது.

தோற்றம்

வியன்னாவில் 1907-இல் பிறந்த பால் ஐஸ்லர் யூதர், பொறியியல் படித்தவர், அச்சுத்தொழிலும் அறிந்தவர். 1936-இல் இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்தார். கம்பிகளைக் கையால் பற்றவைப்பதற்கு மாற்றாக, செம்புத் தகட்டில் தடங்களை அச்சிட்டு, எஞ்சிய செம்பை அமிலக் கரைசலால் அரித்தெடுக்கலாம் எனக் கண்டார். பெண் தொழிலாளர்களின் கைவேலை மலிவு என்று பிளெஸ்ஸி நிறுவனம் அவரைத் திருப்பி அனுப்பியது. ஹெண்டர்சன் அண்ட் ஸ்பால்டிங் என்ற அச்சகமே இம்முறைக்குக் கைகொடுத்தது. 1943-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா, இலக்கை நெருங்கியதும் வெடிக்கும் எறிகணைகளில் அச்சிட்ட சுற்றுகளைப் பயன்படுத்தியது. போருக்குப் பின் அவை வானொலிப் பெட்டிக்கும் வந்தன.

வீட்டு முறைகள்

செம்பு பூசிய பலகையும் ஃபெரிக் குளோரைடும் சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும். தடத்தைப் பெயிண்ட் அல்லது நகப்பூச்சால் வரைந்து, கரைசலில் இட்டால், மூடப்படாத செம்பு கரைந்துவிடும். இம்முறையில் நெருக்கமான தடங்களை வரைவது கடினம்.

லேசர் அச்சுப்பொறியின் டோனர், உருகும் பிளாஸ்டிக் தூள். தாளில் கண்ணாடி பிம்பமாக அச்சிட்டு, செம்பின்மேல் கவிழ்த்து, இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தால் படம் பலகைக்கு மாறும்.

இங்க்ஜெட் முறை

இங்க்ஜெட் மை பெரும்பாலும் நீரில் கரைந்த சாயம். செம்பில் ஒட்டாது, கரைசலிலும் நிற்காது. ஆகவே அதனை நேரே பூசாமல், ஒளியைத் தடுக்கும் திரையாகப் பயன்படுத்துவர். ஒளிபுகும் தாளில் தடங்கள் வெளிர்ந்தும் மற்ற இடம் கறுத்தும் இருக்குமாறு எதிர்ப்படம் அச்சிடப்படும். பலகையில் ஒளியுணர் படலத்தை ஒட்டி, அச்சுத்தாளின் மை பூசிய பக்கம் படலத்தைத் தொடுமாறு வைத்து, புறஊதா ஒளி காட்டுவர். ஒளிபட்ட படலம் இறுகும். மற்றது நீர்த்த சலவை சோடாக் கரைசலில் கழுவப்படும். பின்னர் வழக்கம்போல் அரிக்கலாம்.

மையைச் சூடாக்காமல் தெளிக்கும் எப்சன் அச்சுப்பொறிகளைப் பிரித்து, பலகையே உள்ளே செல்லுமாறு மாற்றியமைத்தவர்களும் உண்டு. அவர்கள் நிறமி மையை நேரே செம்பில் அச்சிட்டுச் சூடேற்றி இறுகச் செய்தனர்.

பயனும் எச்சரிக்கையும்

ஆண்டிமடம் போன்ற சிற்றூர் மாணவர், தாம் வரைந்த சுற்றை அன்றே செய்து, பிழையிருந்தால் மறுநாளே திருத்தலாம். தொழிற்சாலைப் பலகை மலிவானாலும், வந்து சேரும்வரை காத்திருக்க வேண்டும்.

ஃபெரிக் குளோரைடு உலோகத்தை அரிக்கும். எனவே பிளாஸ்டிக் தட்டு, கையுறை, கண் காப்பு தேவை. பயன்படுத்திய கரைசலில் செம்பு கலந்திருக்கும். அது மீன்களுக்கு நஞ்சு. அதனை வாய்க்காலிலோ ஏரியிலோ கொட்டாமல், மூடிய பிளாஸ்டிக் கலத்தில் சேர்த்து, அபாயக் கழிவாக ஒப்படைக்க வேண்டும்.