பிக் அல்லின் கால் விரல்: ஒரு டைனோசர் த்ரெட்

ஒரு கேஸ் சொல்றேன். விலா எலும்புகள் முறிஞ்சு ஒட்டியிருக்கு. முதுகெலும்பு, கை, பாதம்னு எல்லா இடத்துலயும் பழைய காயம். வலது கால் நடுவிரல் எலும்பு மட்டும் கரடுமுரடா வீங்கி உருவமே மாறிக் கிடக்கு.

பேஷன்ட் மனுஷன் இல்லை. 15 கோடி வருஷம் முன்னாடி வாழ்ந்த ஒரு அலோசரஸ். செல்லப் பெயர் 'பிக் அல்'. வாங்க, ரவுண்ட்ஸ் போகலாம்.

1/ அலோசரஸ் இரண்டு காலில் நடந்த பெரிய மாமிச உண்ணி. 1877-ல் மார்ஷ் என்ற அமெரிக்க அறிஞர் வைத்த பெயர் இது. டி-ரெக்ஸ் வர்றதுக்கு சுமார் 8 கோடி வருஷம் முன்னாடியே இது வாழ்ந்து மறைஞ்சிடுச்சு.

2/ 1991-ல் அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில், ஷெல் என்ற ஊர் பக்கத்துல ஒரு சுவிஸ் குழு அல்லைக் கண்டுபிடிச்சது. தோண்டின இடம் அரசு நிலம்னு தெரிஞ்சதும், அமெரிக்க அருங்காட்சியகங்கள் வேலையைக் கையில் எடுத்துக்கிட்டாங்க. சுமார் 95% எலும்பு கிடைச்சது. இது ரொம்ப அபூர்வம்.

3/ நீளம் சுமார் 8 மீட்டர். எடை ஒன்றரை டன் அளவு. இத்தனைக்கும் அல் இன்னும் முழுசா வளர்ந்து முடிக்கல.

4/ எப்படி வேட்டையாடுச்சு? 2001-ல் எமிலி ரேஃபீல்ட் குழு அல்லோட மண்டையோட்டை சிடி ஸ்கேன் எடுத்து கம்ப்யூட்டர்ல சோதிச்சாங்க. தாடைத் தசையின் கடி விசை சுமார் 2,000 நியூட்டன்தான். ஆனா மண்டையோடு 55,000 நியூட்டன் வரை தாங்கும்! அதாவது எலும்பை நொறுக்குற கடி இல்லை. மேல் தாடையைக் கோடாலி மாதிரி இறக்கி, சதையைக் கிழிச்சு இழுக்கிற பாணி.

5/ எதிர்ல இருந்ததும் சாதுவான இரை இல்லை. வேறொரு அலோசரஸோட வால் எலும்பில், ஸ்டெகோசரஸின் வால் முள் அளவுக்குப் பொருந்துற ஓட்டை இருக்கு.

6/ இப்போ அல்லோட ரிப்போர்ட். 2002-ல் ரெபெக்கா ஹன்னா வெளியிட்ட ஆய்வுப்படி, முறிவோ தொற்றோ இருந்த எலும்புகள் மொத்தம் 19. செத்த உடம்புல எலும்பு ஒட்டாது. முறிஞ்ச இடத்துல புது எலும்பு வளர வாரக்கணக்கில் ஆகும். அப்போ ஒட்டின ஒவ்வொரு விலாவும் சொல்றது ஒண்ணுதான்: அடி வாங்கின பிறகும் அல் உயிரோட இருந்துச்சு.

7/ இவ்வளவு தொற்றோட எப்படித் தாங்குச்சு? நமக்குச் சீழ் தண்ணியா ஓடும். கோழிக்கும் பல்லிக்கும் பன்னீர் மாதிரி கெட்டியாகி அதே இடத்துல அடைஞ்சிடும். அவற்றின் வெள்ளை அணுக்களில் சீழை இளக்குற நொதி இல்லாததே காரணம். டைனோசர் இருக்கிறது முதலைக்கும் பறவைக்கும் நடுவுல, அதே குடும்பத்தில். அதனால அல்லுக்கும் தொற்று உடம்பு முழுக்கப் பரவாம ஒரே இடத்தில் அடங்கியிருக்கும்.

8/ ஆனா அந்த நடுவிரல் ஆறல. அது ஆஸ்டியோமைலைட்டிஸ், அதாவது எலும்புக்குள்ள சீழ். தொற்றைச் சுத்தி புது எலும்பு உறை மாதிரி வளர்ந்திருக்கு. மாதக்கணக்கில் புண்ணோட நடந்திருக்குன்னு அர்த்தம்.

9/ விலா ஆறுச்சு, விரல் மட்டும் ஏன் ஆறல? மூணு விரலில் நின்னு நடக்கிற மிருகத்துக்கு நடுவிரல்தான் அதிக எடை தாங்கும். ஒவ்வொரு அடிக்கும் ஒன்றரை டன் அந்தப் புண் மேல. ஓய்வு எடுத்தா பட்டினி. நடந்தா புண் ஆறாது.

10/ விரலால்தான் செத்துச்சுன்னு மரணச் சான்றிதழ் எழுத மாட்டேன். எலும்பு அவ்வளவு சொல்லல. ஆனா கடைசி மாசங்கள் நொண்டி நொண்டித்தான் போயிருக்கும்.

11/ சர்க்கரை நோய் கால் புண்ணோட வர்றவங்ககிட்ட தினமும் சொல்றேன்: "காலை ஊன்றாதீங்கம்மா." பதில் வரும்: "வேலைக்குப் போகாம எப்படி சார் சாப்பிடறது?" ஆன்டிபயாடிக் நான் தர முடியும். அந்த ஓய்வை வீட்ல இருக்கிறவங்கதான் தரணும். அல்லுக்கு சோறு கொண்டுவந்து தர யாரும் இல்லை. நம்ம வீட்டுப் பெரியவங்களுக்கு நீங்க இருக்கீங்க.

இன்னிக்கு ராத்திரி அவங்க பாதத்தை ஒரு தடவை பாருங்க.