மூன்றாவது முனைக்கும் போ!

கற்பிட்டியில் ஒல்லாந்தர் 1667இல் கட்டத் தொடங்கிய கோட்டையைச் சென்ற வாரம் சுற்றி வந்தோம். இந்த வாரம் அதே கரையை நில அளவைக்காரரின் கண்ணால் பார்ப்போம். அவருக்கு இது பொல்லாத கரை. சிலாபம், உடப்பு, முந்தல், கற்பிட்டி என்று எங்கே போனாலும் மணல், தென்னை, களப்பு. ஏறி நிற்க ஒரு குன்று கிடையாது. தரையில் நிற்பவரின் பார்வையை ஐந்து கிலோமீற்றருக்குள் பூமியின் வளைவே மறித்துவிடும்.

இலங்கையில் நில அளவைத் திணைக்களம் தொடங்கியது 1800இல். இரண்டு வருடம் கழித்து, சென்னையில் பரங்கிமலை அருகே நில அளவைக்காரர் வில்லியம் லாம்ப்டன் ஏழரை மைல் நீள அடிக்கோட்டைச் சங்கிலியால் அளந்தார். நீளத்தை அளக்கும் பாடு அந்த ஒரு கோட்டோடு பெரும்பாலும் தீர்ந்தது. மேலே முக்கோணம் முக்கோணமாக நாட்டை மூட, கோணங்கள் போதும்.

இரண்டு கோணம் தெரிந்தால் மூன்றாவதை 180இலிருந்து கழித்துச் சொல்லலாம் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். அளவைக்காரர் அப்படிக் கழித்துவிட்டு வீட்டுக்குப் போவதில்லை. கழித்து எடுத்த கோணத்துக்குள் மற்ற இரண்டின் பிழையும் ஒளிந்துகொள்ளும்; கூட்டினால் ஒழுங்காக 180 வரும், குட்டு வெளிப்படாது. ஆகவே மூன்றாவது முனைக்கும் கருவியைச் சுமந்து போக வேண்டும். கோணம் அளக்கும் லாம்ப்டனின் தியோடலைட் அரை டன் எடை! தஞ்சைச் சமவெளியில் உயரத்துக்குக் கோபுரங்களையே நம்பினார். 1808இல் பெரிய கோவிலில் கயிறு அறுந்து கருவி அடிபட்டது. அதை அவரே உட்கார்ந்து சீர்செய்தார்.

மூன்றையும் சரியாக அளந்தாலும் கூட்டுத்தொகை 180ஐக் கொஞ்சம் தாண்டும். பூமி உருண்டை என்பதால் வரும் மிகுதி அது. புத்தளம் களப்பின் பரப்பு ஏறத்தாழ 327 சதுர கிலோமீற்றர். அதே பரப்புள்ள ஒரு முக்கோணத்தில் மிகுதி ஒன்றரை விகலைக்குச் சற்று மேல். ஒரு விகலை என்பது பாகையில் 3,600இல் ஒரு பங்கு. அந்த மிகுதியைக் கழித்த பிறகும் மிஞ்சுவதுதான் மனிதப் பிழை. அதை மூன்று கோணங்களுக்கும் பகிர்ந்துவிடுவார்கள்.

இதெல்லாம் தரையில். மூன்றாவது முனை கடலில் ஆடும் படகானால் அங்கே தியோடலைட்டை எங்கே நிறுத்துவது? கழித்தல் ஒன்றுதான் வழி. கற்பிட்டிக் கரையோ வடக்கு தெற்காக நேராக ஓடுகிறது. ஐந்து கிலோமீற்றர் இடைவெளியில் இரண்டு பேர் கரையில் நின்று ஒரு படகை நோக்கி ஆளுக்கு 83 பாகை அளக்கிறார்கள் என்று வையுங்கள். படகில் மிஞ்சும் கோணம் 14 பாகை, கத்தி முனை போல. படகு 20 கிலோமீற்றருக்குச் சற்று அப்பால். ஒருவர் ஒரே ஒரு பாகை தவறி 82 என்று எழுதினால் அதே படகு 19 கிலோமீற்றரில் நிற்பதாகக் கணக்கு வரும். கழித்தலில் குறையில்லை, ஒரு கிலோமீற்றருக்கு மேல் கடல் காணாமற் போயிருக்கும்.

இந்தக் கரைக்கு வடக்கே, குதிரைமலைக்கு அப்பால், முத்துப் பார்களைத் தேடியவர்களும் தாழ்ந்த கரையில் தெரிந்த அடையாளங்களை வைத்துத்தான் இடம் குறித்தார்கள். அந்தக் கதை அடுத்த வாரம்.

(தொடரும்)