பார்சலோனெற்றா: ஒரு கடற்கரைக் குடியிருப்பின் சமூக வரலாறு

நகரங்களின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் அரண்மனைகளையும் தேவாலயங்களையும் ஆட்சி மன்றங்களையுமே முதலில் நோக்குவர். துறைமுகத்தை அடுத்துக் கடற்றொழிலாளரும் மாலுமிகளும் சுமை தூக்குவோரும் வாழ்ந்த தெருக்கள் அவ்வரலாற்றில் இடம்பெறுவது அரிது. ஆயினும் ஒரு நகரத்தில் அதிகாரம் எவ்வாறு இயங்கிற்று என்பதைச் சில வேளைகளில் அத்தகைய தெருக்களே தெளிவாகக் காட்டுகின்றன. மத்தியதரைக் கடலோரத்தில், ஸ்பானியாவின் கற்றலோனியாப் பிரதேசத்துத் தலைநகரான பார்சலோனாவில் அமைந்துள்ள பார்சலோனெற்றா என்னும் குடியிருப்பு இதற்குத் தக்க சான்றாகும். 'சிறிய பார்சலோனா' என்பதே அப்பெயரின் பொருள். இன்று உலகெங்குமிருந்து வரும் உல்லாசப் பயணிகள் அதன் மணற்பரப்பையும் மீனுணவையும் நாடிச் செல்கின்றனர். அவர்கள் காணும் குறுந்தெருக்களிலும் உண்ணும் பண்டங்களிலும், குடியிருக்க ஓர் இடம் வேண்டி அங்குள்ள மக்கள் நடத்திவந்த நீண்ட போராட்டத்தின் சுவடுகள் பதிந்துள்ளன. அவற்றை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இடிபாட்டின் பின்

பார்சலோனெற்றா அமைந்துள்ள நிலம் இயற்கையாக உண்டானதன்று. 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துறைமுகத்தைக் காக்கும்பொருட்டுக் கடலுக்குள் அணை கட்டத் தொடங்கியபின், நீரோட்டம் கொண்டுவந்த மணல் அதன் பக்கத்தே படிப்படியாகச் சேர்ந்தது. மதிலுக்கு வெளியே இருந்த அம்மணல் மேட்டில் கடற்றொழிலாளரும் துறைமுகத்தை நம்பி வாழ்ந்தோரும் குடிசைகளை அமைத்துக்கொண்டனர்.

இம்மணல் மேட்டை ஒழுங்கான குடியிருப்பாக மாற்றவேண்டும் என்ற எண்ணம் ஒரு போரின் விளைவாகத் தோன்றியது. 1701 முதல் 1714 வரை நிகழ்ந்த ஸ்பானிய வாரிசுரிமைப் போரில் பார்சலோனா, பூர்பன் வம்சத்தவனான ஐந்தாம் பிலிப்பு மன்னனுக்கு எதிராக நின்றது. ஓராண்டுக்கு மேல் நீடித்த முற்றுகையின் பின், 1714 செப்ரெம்பர் 11ஆந் திகதி நகரம் வீழ்ந்தது. இந்நாளே இன்று கற்றலோனியாவின் தேசிய தினமாக நினைவுகூரப்படுகின்றது. வென்ற அரசு 1716இல் கற்றலோனியாவின் பழைய ஆட்சியமைப்புகளை ஒழித்தது. நகர மக்களை அடக்கிவைக்கவென மாபெருங் கோட்டையொன்றையும் எழுப்பியது. பிளெமிஷ் நாட்டுப் பொறியியலாளரான வெர்பூம் வகுத்த அக்கோட்டைக்கும் அதன் முன்னுள்ள வெளிக்கும் இடம் செய்வதற்காக லா ரிபேரா என்னும் பழம் பகுதியில் ஏறத்தாழ ஆயிரம் வீடுகள் இடிக்கப்பட்டன. வணிகரும் கைவினைஞரும் கடலோடிகளும் செறிந்து வாழ்ந்த பகுதி அது. அதன் தெருக்களும் வீட்டு அத்திவாரங்களும் இன்று போர்ன் என்னும் பழைய சந்தைக் கட்டடத்தின் கூரையின்கீழ் அகழ்ந்து காட்டப்பட்டுள்ளன. 2013 முதல் மக்கள் அவற்றைப் பார்வையிட்டு வருகின்றனர்.

வீடிழந்தோருக்கெனக் கடற்கரையில் புதிய குடியிருப்பை அமைக்கும் திட்டத்தை வெர்பூம் அக்காலத்திலேயே வரைந்தார். ஆனால் அது நிறைவேறவில்லை. 1753 பெப்ருவரியிலேயே, தளபதியும் ஆளுநருமான லா மினா பிரபுவின் முயற்சியால், இராணுவப் பொறியியலாளர் சேர்மேனியோவின் புதிய திட்டப்படி அத்திவாரக்கல் நாட்டப்பட்டது. இவ்விடத்தில் ஓர் உண்மையை மனங்கொள்ளல் வேண்டும். லா ரிபேராவில் வீடிழந்தோருக்காகவே பார்சலோனெற்றா கட்டப்பட்டது என்பது மக்களிடையே வழங்கும் கதை. வீழ்ச்சிக்கும் அத்திவாரத்துக்கும் இடையே 39 ஆண்டுகள் கழிந்துள்ளன. 1714இல் வீட்டை இழந்த குடும்பத் தலைவர்களுட் பலர் 1753இல் உயிருடன் இருந்திருக்க முடியாது. புதிய வீடுகளில் குடிபுகுந்தோர் பெரும்பாலும் மணல் மேட்டுக் குடிசைவாசிகளும் துறைமுகத் தொழிலாளருமே. குடிசைகளை அகற்றித் துறைமுகச் சூழலை ஒழுங்குபடுத்துவது அரசின் நோக்கமாயிருந்தது. இழப்பீடு என்ற கதை, நடந்த அநீதியை மக்கள் மறக்கவில்லை என்பதைக் காட்டுகின்றதேயன்றி, அந்த அநீதி ஈடுசெய்யப்பட்டது என்பதைக் காட்டவில்லை.

பீரங்கி அளந்த வீடு

சேர்மேனியோவின் திட்டம் இராணுவத் திட்டமாகும். தெருக்கள் நேர்கோட்டில், ஒன்றுக்கொன்று சமாந்தரமாக அமைக்கப்பட்டன. வீடுகள் யாவும் ஒரே அளவின; ஒரு பக்கம் ஏறத்தாழ 8.4 மீற்றர் கொண்ட சதுரங்கள். தரைத்தளமும் அதன்மேல் ஒரு மாடியுமே அனுமதிக்கப்பட்டன. கோட்டையிலிருந்தும் மதிலிலிருந்தும் கடலை நோக்கிச் சுடும் பீரங்கிகளுக்குத் தடையேதும் இருக்கலாகாது என்பதே இந்த உயரக் கட்டுப்பாட்டுக்கான காரணம். ஆயினும் இத்திட்டத்தில் நன்மை இல்லாமலுமில்லை. வீட்டு வரிசைகள் ஒடுங்கியவையாக அமைந்தமையால் ஒரு வீட்டின் முன்புறம் ஒரு தெருவையும் பின்புறம் மற்றொரு தெருவையும் நோக்கின. காற்றும் வெளிச்சமும் இருபுறமும் புகுந்தன. மதிலுக்குள் நெருங்கிக் கிடந்த பழைய நகரத்தில் இது கிட்டாத வசதியாகும். சாந் கார்லெஸ் வீதியில் 1761இல் கட்டப்பட்ட வீடொன்று பழைய உருவிலேயே காக்கப்பட்டு இன்று பண்பாட்டு நிலையமாக விளங்குகின்றது. 1755இல் நிறைவுற்ற புனித மிக்கேல் தேவாலயமும் அருகே உள்ளது.

19ஆம் நூற்றாண்டில் குடித்தொகை பெருகியதும் இந்த அளவு குலைந்தது. வீடுகளின்மேல் மாடிகள் ஏறின. இரு தளங்களுடன் ஒரு குடும்பத்துக்கெனக் கட்டிய வீடு, தளத்துக்கு இரண்டாக நான்கு பங்காகப் பிரிக்கப்பட்டது. அப்பங்கு ஒன்றை மக்கள் 'நாலிலொரு வீடு' என்றே அழைத்தனர். அதன் பரப்பு 35 சதுர மீற்றரை எட்டாது. அத்தகைய இடத்தில் பெற்றோரும் பிள்ளைகளும் பாட்டனும் பாட்டியும் ஒருங்கே வாழ்ந்தனர். மாலை வேளையில் கதிரைகளைத் தெருவில் இட்டு உரையாடுவதும், உடைகளை மாடி முகப்பில் உலர்த்துவதும் இப்பகுதிக்குரிய காட்சிகளாகச் சுற்றுலா நூல்களிற் புகழப்படுகின்றன. வீட்டினுள் இடமின்மையே அவ்வழக்கங்களை உண்டாக்கிற்று என்பதை அந்நூல்கள் கூறுவதில்லை.

ஆலைகளும் தொழிலாளரும்

நெருங்கி வாழ்ந்தோரை நோயும் எளிதிற் பற்றியது. 1821இல் கியூபாவிலிருந்து வந்த கப்பல்கள் வழியாகப் பரவிய மஞ்சட் காய்ச்சல் முதலில் துறைமுகத்தையும் பார்சலோனெற்றாவையும் தாக்கிப் பின் நகரெங்கும் ஆயிரக்கணக்கானோரைப் பலிகொண்டது. 1834இல் இங்கு காளைப்போர் அரங்கொன்று திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு ஜூலை 25ஆந் திகதி காளைகள் தரங்குறைந்தவை எனச் சினந்து எழுந்த கூட்டம் நகருட் புகுந்தது. அன்றிரவு துறவிமடங்கள் பல தீக்கிரையாயின. காளைகள் மீதான சினம் ஒரு சாட்டேயன்றிக் காரணமன்று என்பதை அக்காலத்து அரசியற் கொந்தளிப்பை அறிந்தோர் உணர்வர்.

கைத்தொழிற் புரட்சி இக்குடியிருப்பின் இயல்பை மாற்றிற்று. 1848இல் ஐபீரியத் தீபகற்பத்தின் முதலாவது புகையிரதப் பாதை பார்சலோனாவிலிருந்து மத்தாரோ நகருக்கு இடப்பட்டபோது, அதன் தொடக்க நிலையம் பார்சலோனெற்றாவின் அருகிலேயே அமைந்தது. வாயுத் தொழிற்சாலையும், 1855இல் நிறுவப்பட்ட இயந்திரக் கம்பனியின் பெரிய பட்டறையும் இங்கு எழுந்தன. கடலை நம்பி வாழ்ந்தவர்களின் பிள்ளைகள் உலைக்களத் தொழிலாளராயினர். அவர்கள் ஒன்றுகூடிப் பண்டங்களை நியாய விலையிற் பெறும்பொருட்டுக் கூட்டுறவுச் சங்கங்களை அமைத்தனர். 1879இல் தோன்றிய 'சகோதரத்துவம்' என்னும் பெயர்கொண்ட சங்கத்தின் கட்டடம் இன்று பொது நூலகமாகப் பயன்படுகின்றது. பட்டறையின் வாயில் வளைவு மாத்திரம் எஞ்சி நிற்கின்றது. மக்களை அச்சுறுத்திய கோட்டையோ 1868ஆம் ஆண்டுப் புரட்சியின் பின் இடிக்கப்பட்டுப் பூங்காவாயிற்று.

உணவு கூறும் வரலாறு

எழுத்தில் இடம்பெறாத மக்களின் வரலாற்றைச் சில வேளைகளில் அவர்தம் அடுக்களையிற் காணலாம். பார்சலோனெற்றாவின் உணவு வகைகள் பெரும்பாலும் விலைபோகாத பொருள்களிலிருந்து உருவானவை. 'சுக்கெற்' எனப்படும் மீன் குழம்பு, ஏலத்தில் விலைபோகாத சிறு மீன்களையும் சிதைந்த மீன்களையும் கொண்டு கடற்றொழிலாளர் தமக்கெனச் சமைத்ததாகும். உருளைக்கிழங்கும் தக்காளியும் சேர்த்து வேகவைத்து, உள்ளி, வாதுமைப் பருப்பு, வறுத்த பாண் ஆகியவற்றை உரலில் இடித்து இறுதியிற் கலப்பர். அந்த இடியல் குழம்பைத் தடிப்பாக்குவதோடு குறைந்த மீனுக்கும் நிறைந்த சுவையைத் தருகின்றது. உள்ளியை இடித்து ஒலிவ எண்ணெயைத் துளித்துளியாக ஊற்றிக் கடையும் 'அல்லியோலி' என்னும் சுவைக்கூழ் மிகப் பழையது. 'உள்ளியும் எண்ணெயும்' என்பதே அச்சொல்லின் பொருள். சாளை மீனைச் சுட்டு உப்பும் எண்ணெயும் தெளித்து உண்பதும், பாணில் தக்காளியைத் தேய்த்து உண்பதும் இதே எளிமையைச் சார்ந்தவை. வட அத்திலாந்திக் கடலிலிருந்து வந்த உப்பிட்ட கொட் மீன், கத்தோலிக்கரின் நோன்பு நாட்களில் ஏழைகளுக்கும் எட்டிய உணவாயிற்று.

இப்பகுதிக்கே உரியதெனக் கருதப்படும் பண்டம் 'பொம்பா' ஆகும். அவித்து மசித்த உருளைக்கிழங்கினுள் கொத்திறைச்சியை வைத்து உருட்டி, பாண் தூளிற் புரட்டிப் பொரித்தெடுத்து, அல்லியோலியையும் உறைப்பான செங்குழம்பையும் மேலே ஊற்றித் தருவர். சந்தைச் சதுக்கத்தருகே 1944இல் தொடங்கிய 'லா கோவா ஃபுமாடா' என்னும் சிற்றுணவகத்திலேயே இது தோன்றியதென்பர். 'புகை படிந்த குகை' எனப் பொருள்படும் அவ்வுணவகத்தின் வாயிலிற் பெயர்ப்பலகைகூட இல்லை. பொம்பா என்றால் குண்டு. 1893இல் லிசேயு இசையரங்கில் வீசப்பட்டவை போன்ற கைக்குண்டுகளோடு இப்பெயரைத் தொடர்புபடுத்துவோர் உளர். உள்நாட்டுப் போரின்பின் ஸ்பானியாவில் 1952 வரை உணவுப் பங்கீடு நீடித்தது. கிழங்கை மிகுதியாகவும் இறைச்சியைச் சிறிதாகவும் கொண்ட இப்பண்டத்தில் அப்பஞ்ச காலத்துச் சிக்கனம் படிந்துள்ளது எனக் கருத இடமுண்டு. கிழங்கும் தக்காளியும் மிளகாயும் அமெரிக்காவிலிருந்து வந்தவை என்பதை நினைக்கும்போது, ஸ்பானியப் பேரரசின் கடல்வழிகளையும் அத்தட்டிற் காணலாம்.

கடற்கரை யாருக்கு?

1936இல் மூண்ட உள்நாட்டுப் போரில் துறைமுகத்தை இலக்காகக் கொண்ட வான்குண்டுகள் பார்சலோனெற்றாவைச் சிதைத்தன. 1884இல் எழுந்த சந்தைக் கட்டடமும் தப்பவில்லை. குடிமக்கள் வெளியேற நேர்ந்தது. போரின் பின்னரும் இதன் வடபால் மணலில் சொமொரோஸ்ரோ என்னும் பெருங் குடிசைப்பகுதி நிலைத்திருந்தது. உலகப் புகழ்பெற்ற ஃபிளமெங்கோ நடனக் கலைஞரான கார்மென் அமாயா அங்கு பிறந்தவரே. 1966இல் சர்வாதிகாரி பிராங்கோ கடற்படைப் பயிற்சியைப் பார்வையிட வரவிருந்த வேளையில் அக்குடிசைகள் விரைந்து அகற்றப்பட்டன. அங்கிருந்தோர் அயல் நகரின் குடியிருப்புகளுக்கு அனுப்பப்பட்டனர். இரு நூற்றாண்டுகளுக்கு முன் மணல் மேட்டில் நிகழ்ந்தது மீண்டும் நிகழ்ந்தது. இன்று அக்கடற்கரைக்குச் சொமொரோஸ்ரோ என்ற பெயர் வழங்கப்பட்டுள்ளது. பெயர் திரும்பியது, மக்கள் திரும்பவில்லை.

1992ஆம் ஆண்டு ஒலிம்பிக் விளையாட்டு விழா நகரைக் கடலின்பால் திருப்பிற்று. ஆலை நிலங்களும் களஞ்சியங்களும் அகற்றப்பட்டு அகன்ற கடற்கரை உருவாயிற்று. அசுத்தமாயிருந்த கரை நகர மக்கள் யாவருக்கும் பொதுவான நீராடுமிடமாயிற்று என்பதை மறுத்தற்கில்லை. ஆனால் மணலில் நின்ற பழைய மீனுணவுக் குடில்கள் அப்போது இடிக்கப்பட்டன. ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்து நிற்கும் பெட்டிகள் போன்ற றெபேக்கா ஹோர்ன் என்னும் ஜேர்மன் கலைஞரின் சிற்பம் இன்று அவற்றின் நினைவாக நிற்கின்றது.

அதன்பின் தோன்றிய சிக்கல் புதுவகையானது. மின்தூக்கியில்லாத உயர்ந்த ஒடுங்கிய வீடுகளில் முதியோர் படியிறங்க இயலாது முடங்கிக் கிடந்தனர். 2007இல் மின்தூக்கி அமைக்கும் திட்டத்தை மாநகர சபை முன்வைத்தது. ஆனால் நாலிலொரு வீடுகள் நிறைந்த கட்டடத்தில் மின்தூக்கிக்கு இடம் வேண்டுமாயின் சில வீடுகளை நீக்கவேண்டும். நன்மைக்கெனக் கூறப்பட்ட அத்திட்டத்தின் வழியே தாம் வெளியேற்றப்படுவோம் என அஞ்சிய மக்கள் அதனை எதிர்த்தனர், திட்டம் கைவிடப்பட்டது. முதியோரின் துன்பமோ தீரவில்லை. 2014 ஓகஸ்ட் மாதத்தில், வீடுகள் நாள்வாடகைக்கு உல்லாசப் பயணிகளிடம் விடப்படுவதை எதிர்த்து இதே தெருக்களில் ஆர்ப்பாட்டங்கள் எழுந்தன. 2028 நவம்பரின் பின் நகரில் இத்தகைய ஏறத்தாழ 10,000 விடுதி வீடுகளின் உரிமங்கள் புதுப்பிக்கப்படமாட்டா என 2024இல் மாநகர சபை அறிவித்தது.

முடிவுரை

இதுவரை கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, பார்சலோனெற்றாவின் வரலாற்றில் ஒரு தொடர்ச்சி புலப்படும். கோட்டை, துறைமுகம், ஆலை, போர், விழா, உல்லாசப் பயணம் எனக் காரணங்கள் மாறினும், கரையோர மக்களின் இடத்தை அளப்பவர் வேறெவரோ என்ற நிலை மாறவில்லை. முன்பு அவர்களை வெளியேற்றியது அரசாணை. இன்று வெளியேற்றுவது வாடகை. அதேவேளை, பிறர் அளந்துகொடுத்த சிறிய இடத்தையும் எஞ்சிய மீனையும் கொண்டு அவர்கள் ஆக்கிக்கொண்ட வாழ்க்கையே அப்பகுதிக்குத் தனி அழகையும் சுவையையும் அளித்தது. அதனைக் காணவும் உண்ணவுமே பயணிகள் வருகின்றனர். ஏறத்தாழ 15,000 பேர் இன்றும் அங்கு வாழ்கின்றனர். சிறியதொரு மீன்பிடிப் படகுக் கூட்டம் இன்றும் வெளிச்சவீடாயிருந்த பழைய மணிக்கூட்டுக் கோபுரத்தருகே கரை சேர்கின்றது. ஆட்களின்றித் தெருக்களை மாத்திரம் காத்துவைத்தால் என்னாகும் என்பதற்குப் போர்ன் சந்தையின் கூரையின்கீழ்க் கிடக்கும் லா ரிபேராவே சான்று. அங்கு தெருக்கள் உள. வீடுகளின் அத்திவாரங்களும் உள. அடுப்பு மூட்டுவோர்தாம் இல்லை.