காற்றின் வழியில் ஒரு பலகை

மாத்தளை திருகோணமலை வீதியில் இரவு கடை பூட்டும் சத்தம் என்றால் இன்று இரும்புச் சட்டர் கடகடவென்று இறங்கும் சத்தம்தான். முந்திய தலைமுறைக்கு அது பலகைச் சத்தம். நிலைக்கு மேலே ஒரு காடி, கீழே ஒரு காடி. ஆளுயரப் பலகைகளை அதில் ஒவ்வொன்றாகச் செருகி ஓரத்துக்குத் தள்ள வேண்டும். ஒவ்வொரு பலகைக்கும் இலக்கம் உண்டு. 7ஐ 8இன் இடத்தில் வைத்துவிட்டால் கடைசிப் பலகை நுழையாது. தூக்கக் கலக்கத்தில் கடைப் பையன் வாங்கிய ஏச்சில் பாதி இதற்காகத்தான் இருந்திருக்கும்.

புயல் எச்சரிக்கை வந்ததும் அமெரிக்காவின் புளோரிடாவில் பலர் வெளியே எடுப்பதும் இதைத்தான். அங்கே பலா மரத்துக்குப் பதில் அலுமினியத் தகடு. மற்றபடி யன்னலுக்கு மேலும் கீழும் அதே காடி, தகட்டில் அதே இலக்கம். யாரைப் பார்த்து யார் செய்தார்கள் என்று வழக்குப் போட்டால் இருவருமே தோற்பார்கள். கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலையின் சாம்பலில் புதைந்த பொம்பேயி நகரத்துக் கடை வாசற்படிகளிலும் இந்தக் காடி இருக்கிறது. மக்கிப்போன பலகைகள் விட்டுச்சென்ற வெற்றிடத்தில் சாந்து ஊற்றி அச்சும் எடுத்திருக்கிறார்கள்.

ரோமர்களிடமிருந்து நமக்கு வந்தது பலகையல்ல, சொல். லத்தீனில் கதவுக்கு ‘யானுவா’ என்று பெயர். குட்டிக் கதவு என்ற பொருளில் அது போர்த்துக்கீசரிடம் ‘ஜனேலா’ ஆனது. அவர்கள் கப்பலில் வந்து இறங்க, சிங்களத்தில் ‘ஜனேலய’, தமிழ்நாட்டில் ‘ஜன்னல்’. கிரந்த எழுத்துக்கு இடம் கொடுக்காமல் ‘யன்னல்’ என்று எழுதிய ஈழத்தமிழர், தங்களை அறியாமலே லத்தீன் உச்சரிப்புக்குத் திரும்பிப் போய்விட்டார்கள்! ஆனால் போர்த்துக்கீசரின் ‘சாவி’யை மட்டும் நாம் வாங்கவில்லை, நமக்கு அது இன்றும் ‘திறப்பு’தான்.

அதற்கு முன் நமக்குச் சொல் இல்லாமலில்லை. சிலப்பதிகாரத்தில் வரும் ‘காலதர்’ அழகான சொல்: கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. ஆங்கிலேயரின் ‘விண்டோ’வும் பழைய நோர்ஸ் மொழியில் ‘காற்றின் கண்’ணாக இருந்ததுதான். பெயரிலேயே காற்றுக்கு வழிவிட்ட பிறகு, அதை மறிக்கப் பலகை தேடுவது மனிதனுக்கே உரிய வேடிக்கை.

இனி மாத்தளையின் பெரிய ஆண்டான 1848க்கு வருவோம். ஆளுநர் டொரிங்டன் துப்பாக்கிக்கும் நாய்க்கும் வண்டிக்கும் கடைக்கும் வரி போட்டார். ஜூலையில் தம்புள்ளையிலும் மாத்தளையிலும் கிளர்ச்சி வெடித்தது. கிளர்ச்சித் தலைவர்களில் ஒருவரான புரன் அப்பு கண்டியில் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது இங்கிலாந்திலேயே யன்னலுக்கு வரி இருந்தது. 1696இல் தொடங்கிய அந்த வரிக்குப் பயந்து பலர் யன்னலைச் செங்கல் வைத்து அடைத்தார்கள். 1851இல்தான் அது ஒழிந்தது. நாய்க்கு வரி போடும் யோசனை வந்தவருக்கு இங்கே யன்னல் கண்ணில் படாதது நம் அதிர்ஷ்டம். அதே 1848இல் கல்கத்தாவில் இருந்த ஹென்றி பிடிங்டன் என்பவர் மாலுமிகளுக்காக ஒரு புயல் நூல் வெளியிட்டார். பாம்பின் சுருளைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து ‘சைக்கிளோன்’ என்ற பெயரை உலகத்துக்குத் தந்தது அந்த நூல்தான்.

சாய்வுச் சட்டங்கள் கொண்ட லூவர் கதவின் கதை இன்னும் குழப்படி. வெனிஸ்காரர்கள் அதைப் பாரசீகத்துச் சரக்கு என்று சொல்ல, ஆங்கிலேயர் அந்த வகைத் திரைக்கு வெனிஸின் பெயரை வைத்தார்கள். பிரெஞ்சுக்காரரோ அதற்குப் ‘பொறாமை’ என்றே பெயரிட்டார்கள். உள்ளிருப்பவர் வெளியே பார்க்கலாம், வெளியிலிருப்பவர் உள்ளே பார்க்க முடியாது அல்லவா? கரீபியன் தோட்டங்களில் அந்தக் கதவு வெயிலுக்கும் மழைக்கும் புயலுக்கும் காவலானது. அந்தப் பக்கத்து ஜமைக்காவில் கோப்பித் தொழில் கற்ற ஆர். பி. டைட்லர் 1837இல் இலங்கைக்கு வந்து அந்தப் பயிர் முறையைப் பரப்பினார். கோப்பி பெருகியது, துரை பங்களாக்களும் பெருகின.

அந்தக் கோப்பிக்காக மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளை வழியாகக் காட்டுப் பாதையில் மாத்தளைக்கு நடந்து வந்த எங்கள் ஆட்களுக்குக் கிடைத்தது லயம் என்னும் வரிசைக் குடியிருப்பு. 10 அடிக்கு 12 அடிக் காம்பரா, ஒரு கதவு. யன்னல் இருந்தால் புண்ணியம்.

மீண்டும் புயலுக்கு வருவோம். அதற்கு ஆங்கிலத்தில் உள்ள ‘ஹரிக்கேன்’ என்ற சொல்லும் கரீபியன் தாய்னோ மக்களுடையது. ஆனால் யன்னலை ஏன் காக்க வேண்டும் என்பதை உலகம் சரியாகப் படித்தது அண்மையில்தான். 1974 நத்தார் அன்று டிரேசி புயல் ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரைத் தரைமட்டமாக்கியது. பறந்து வந்த மரத்துண்டு யன்னலை உடைக்கும். உள்ளே புகுந்த காற்று கூரையைக் கீழிருந்து தள்ளும். மேலே ஓடும் காற்று அதையே உறிஞ்சி இழுக்கும். கண்ணாடி போனால் கூரையும் போகும். 1992 ஆகஸ்டில் அன்ட்ரூ புயலிடம் அதே பாடத்தைப் படித்த மயாமி, சட்டருக்குப் பரீட்சை வைத்தது: சுமார் 4 கிலோ எடையுள்ள மரக்கட்டையை விநாடிக்கு 50 அடி வேகத்தில் எறிவார்கள், அதைத் தாங்க வேண்டும்.

நம் பக்கத்துப் பாடம் 1978 நவம்பர் 23. மட்டக்களப்பில் கரையேறிய சூறாவளியில் 900க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மாத்தளையில் அவ்வளவு வேகக் காற்று அபூர்வம்தான். ஆனாலும் நக்கிள்ஸ் மலையில் ரிவர்ஸ்டன் பக்கம் போனவருக்குக் காற்றைப் பற்றி யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை.

அந்தப் பக்கம் வீடு கட்டுகிறவர் என்ன போடலாம்? கண்ணாடி லூவர் வேண்டாம். புயலில் அதுவே கத்தியாகும். மேலே கீல் வைத்துக் கம்பால் முட்டுக் கொடுக்கும் கதவை வெளிநாட்டில் ‘பஹாமா சட்டர்’ என்று விற்கிறார்கள். அதைப் பார்த்துப் பிரமிக்காதீர்கள், நம் பெட்டிக்கடைத் தட்டிதான் அது. என் ஓட்டு கனமான பலகைக்கு. அதற்கும் முன்னால், கூரைத் தகரத்தை இறுக்கிக் கட்டுங்கள். பலகையை நம்புவதற்கும் எல்லை உண்டு. 1983 ஜூலையில் மாத்தளையில் தமிழர் கடைகளுக்குத் தீ வைத்தபோது அது தடுக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு மலை சரிந்தபோதும் எந்தச் சட்டராலும் பயனில்லை. சரிவில் இருப்பவர் எச்சரிக்கை வந்ததும் யன்னலைப் பூட்டிக்கொண்டு உட்காராமல் இடம்பெயர வேண்டும்.

மாத்தளையில் பழைய கடையை இடிக்கப் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள்: அந்தப் பலகைகளை விறகுக்குக் கொடுத்துவிடாதீர்கள். இலக்கங்கள் அழியாமல் எடுத்து வையுங்கள்.