அமெரிக்க உள்நாட்டுப் போரிற் பறந்த கொடிகள்

கொடி, குடை, முரசு என்பன வேந்தர்க்குரிய சின்னங்களாதலைத் தமிழ் கற்றோர் அறிவர். பகைவேந்தர் இருவர் பொருதுங்கால் அவர்தங் கொடிகள் வெவ்வேறாயிருத்தல் இயல்பு. ஆனால், ஒரே கொடியின்கீழ்ப் பிறந்து வளர்ந்த மக்கள் இரு கூறாகப் பிரிந்து தம்முட் போர் தொடுப்பின், அந்தப் பழைய கொடி யாருக்குரியது? 1861ஆம் ஆண்டு முதல் 1865ஆம் ஆண்டு வரை ஐக்கிய அமெரிக்காவில் நிகழ்ந்த உள்நாட்டுப் போரிலே இவ்வினா அரசியல் மன்றங்களில் மட்டுமன்றிப் போர்க்களத்திலும் எழுந்தது.

அடிமை முறையைக் காத்துக்கொள்ளும் பொருட்டுத் தென் கரோலைனா மாநிலம் 1860 டிசம்பர் 20ஆந் தேதி ஐக்கியத்தினின்றும் விலகியது. வேறு ஆறு மாநிலங்களும் அதனைப் பின்பற்றின. அவற்றின் பிரதிநிதிகள் 1861 பெப்ருவரியில் அலபாமாவிலுள்ள மொன்ற்கொமறி நகரிற் கூடித் தனிக் கூட்டமைப்பொன்றை நிறுவினர். புதிய அரசுக்குக் கொடி தேர்தற்கென ஒரு குழு அமைந்தது. தென் கரோலைனாவைச் சேர்ந்த வில்லியம் போச்சர் மைல்ஸ் அதன் தலைவர். பொதுமக்கள் பலர் தம் மாதிரிகளை அனுப்பினர். வியக்கத்தக்க செய்தி யாதெனில், அவருட் பெரும்பாலார் பழைய கொடியின் சாயலை விட மனமின்றியிருந்தமையே. அமெரிக்கப் புரட்சியின் உண்மையான வழித்தோன்றல்கள் தாமே எனத் தென்னாட்டார் கருதினர். பாட்டன் வீட்டைவிட்டு வெளியேறும்போது பாட்டனின் படத்தையும் எடுத்துச் செல்ல விரும்பியவர் போலாயினர். மைல்ஸ் இதனை விரும்பவில்லை. செந்நிலத்தில் நீலநிறப் பெருக்கற்குறியும் அதன்மேல் வெண்ணட்சத்திரங்களும் கொண்ட ஒரு மாதிரியை அவர் முன்வைத்தார். முதலில் அவர் எண்ணியது நேர் நிற்கும் சிலுவையே. சமயச் சின்னம் வேண்டாவெனத் தென்னாட்டு யூதர் ஒருவர் எழுதியதன் பின்னர் அதனைச் சாய்த்தார். அம்மாதிரி காற்சட்டையைத் தாங்கும் தோள்வார்போல உள்ளதெனச் சபையினர் நகையாடி ஒதுக்கினர். சிவப்பு, வெள்ளை, சிவப்பு என மூன்று பட்டைகளும் நீல மூலையில் வட்டமாய் ஏழு நட்சத்திரங்களும் கொண்ட கொடியே 1861 மார்ச் 4ஆந் தேதி மொன்ற்கொமறியில் ஏற்றப்பட்டது. அதனை ஏற்றியவர் முன்னாட் சனாதிபதி யோன் ரைலரின் பேர்த்தி. அதே நாளில் வாசிங்ரனிலே ஆபிரகாம் இலிங்கன் சனாதிபதியாகப் பதவியேற்றார்.

வடநாட்டார் செய்ததோ வேறு. விலகிய மாநிலங்களின் நட்சத்திரங்களுள் ஒன்றையேனும் அவர்கள் தம் கொடியினின்றும் நீக்கவில்லை. விலகல் சட்டப்படி செல்லாது, ஐக்கியம் குலையவில்லை என்பது இலிங்கனின் கொள்கை. ஒரு நட்சத்திரத்தை அகற்றியிருப்பின் அக்கொள்கையைத் தாமே கைவிட்டவராவர். போர் நடந்துகொண்டிருந்தபோதே நட்சத்திரங்களின் தொகை கூடியும் வந்தது: கன்சாஸ் மாநிலத்துக்காக 1861 யூலையில் 34 ஆயிற்று, மேற்கு வேர்ஜீனியாவுக்காக 1863 யூலையில் 35 ஆயிற்று. விலகிச் சென்ற வேர்ஜீனியாவுக்கும், அவ்வேர்ஜீனியாவினின்று பிரிந்து ஐக்கியத்திற் சேர்ந்த மேற்குப் பகுதிக்கும் ஒரே கொடியில் இடமிருந்தமை நோக்கற்பாலது.

முதற் குண்டுகள் வீழ்ந்ததும் ஒரு கொடியின்மீதே. 1861 ஏப்பிரல் 12ஆந் தேதி சாள்ஸ்ரன் துறைமுகத்திலுள்ள சம்ரர்க் கோட்டையைத் தென்னாட்டுத் தளபதி போறிகாட் தாக்கினார். கோட்டையைக் காத்த மேஜர் றொபேட் அன்டர்சன் படைக்கல்லூரியிற் பீரங்கிக்கலை பயிற்றியபோது அவரிடம் பயின்ற மாணவரே இப்போறிகாட். இரண்டாம் நாள் கோட்டை பணிந்தது. 14ஆந் தேதி கொடிக்கு மரியாதை வேட்டுத் தீர்த்தபின், அன்டர்சன் அதனை மடித்துத் தம்முடன் எடுத்துச் சென்றார்.

சாயலின் கேடு 1861 யூலை 21ஆந் தேதி, மனாசஸ் அருகே புல் றன் ஓடைக்கரையில் நிகழ்ந்த முதற் பெரும் போரிலே வெளிப்பட்டது. அக்காலப் போரில் கொடி அலங்காரப் பொருளன்று. கரும்புகை கவிந்து, பீரங்கி முழக்கத்தில் ஏவற்குரல் கேளாதபோது, அணி எங்கு நிற்கின்றது, எத்திசை செல்கின்றது என்பதைப் போர்வீரன் கொடியைக் கொண்டே அறிந்தான். அன்று காற்று வீசவில்லை. கம்பத்திற் சுருண்டு தொங்கிய இருபக்கக் கொடிகளும் சிவப்பும் வெள்ளையும் நீலமுமாய் ஒன்றுபோலவே தோன்றின. சீருடைகளும் மயக்கந் தந்தன. நீலவுடை தரித்த வேர்ஜீனியப் படையொன்றைத் தம்மவரென வடநாட்டுப் பீரங்கிப்படையார் அணுகவிட்டு அழிவெய்தினர். பிற்பகலில் தம் இடப்புறத்தே ஓர் அணி வருவதைக் கண்ட போறிகாட், வருவோர் பகைவரோ துணைவரோ என அறியாது கலங்கினார். இளங்காற்றொன்று வீசிக் கொடியை விரித்த பின்னரே வந்தது தம் படையென அவர் தெளிந்தார்.

இதன்பின் தளபதிகள் மைல்ஸை நாடினர். சபை ஒதுக்கிய அம்மாதிரியே சதுர வடிவிற் போர்க்கொடியாகி 1861 நவம்பரில் வடவேர்ஜீனியாவிலிருந்த படைகளுக்கு வழங்கப்பட்டது. இக்காலத்திற் பலர் தென்னாட்டு அரசின் கொடியெனக் கருதுவது இப்போர்க்கொடியையே. அது தன் வடிவில் ஒருபோதும் அவ்வரசின் தேசியக் கொடியாயிருந்ததில்லை.

கொடி தாங்குவோனே பகைவரின் முதற் குறி. கெற்றிஸ்பேர்க்கில் 1863 யூலை முதலாந் தேதி 26ஆம் வடகரோலைனாப் படையின் கொடியைத் தாங்கிப் பத்துக்கு மேற்பட்டோர் ஒருவர்பின் ஒருவராய் வீழ்ந்தனர். அதே மாதம் 18ஆந் தேதி, வாக்னர்க் கோட்டை முற்றுகையிலே, கறுப்பர் அடங்கிய 54ஆம் மசச்சூசெற்ஸ் படையின் கொடி தாங்குவோன் வீழ, வில்லியம் கார்ணி என்னும் வீரர் அதனைப் பற்றினார். வேர்ஜீனியாவில் அடிமையாய்ப் பிறந்தவர் அவர். பல காயங்களுடன் தவழ்ந்து மீண்டு, கொடி நிலத்தைத் தொடவில்லை என்றே தோழரிடம் அறிவித்தார். அவர் காத்த கொடியின் அரசு அப்படையினர்க்கு அப்போது வெள்ளையர்க்குச் சமமான சம்பளந்தானும் வழங்கவில்லை. வீரப்பதக்கம் அவரை அடைந்தது 1900ஆம் ஆண்டில். அக்கொடி விடுதலைக் கொடியாயிற்று எனின், அதனை அவ்வாறாக்கியவர் இத்தகையோரே.

1863 மே மாதம் தென்னாட்டுச் சபை தன் தேசியக் கொடியை மாற்றியது. மூலையிற் போர்க்கொடியும் எஞ்சிய பகுதி முற்றும் வெண்மையுமாய் அமைந்தது அது. அம்மாதிரியை ஆதரித்த சவானா நகரப் பத்திரிகையாசிரியர் வில்லியம் தொம்சன், அதனை வெள்ளையரின் மேன்மை நாட்டுங் கொடியெனவே எழுதினார். பழைய கொடியின் சாயலை அவாவி மரபுரிமை பேசியோர் இரண்டே ஆண்டுகளில் இத்துணை வெளிப்படையாயினர். காற்றில்லாவேளை அக்கொடி சரணடைவோர் வெண்கொடிபோலத் தோன்றிற்று. ஆதலின் 1865 மார்ச் 4ஆந் தேதி அதன் ஓரத்திற் செம்பட்டையொன்று சேர்க்கப்பட்டது. ஐந்து வாரம் கழித்து, ஏப்பிரல் 9ஆந் தேதி, அப்பமற்றொக்ஸில் தளபதி லீ சரணடைந்தார். அன்று தென்னாட்டார் சமாதானங் கோரி ஏந்திய துணி, பாத்திரந் துடைக்கும் வெள்ளைத் துவாய்.

ஏப்பிரல் 14ஆந் தேதி, நான்காண்டு நிறைந்த நாளில், அன்டர்சன் தாம் மடித்துச் சென்ற அதே கொடியைச் சம்ரர்க் கோட்டையில் மீண்டும் ஏற்றினார். அன்றிரவே வாசிங்ரனில் இலிங்கன் சுடப்பட்டார்.

கைப்பற்றிய தென்னாட்டுக் கொடிகளை மீளக்கொடுக்கச் சனாதிபதி கிளீவ்லாந்து 1887இல் இசைந்தபோது, வடநாட்டு முதுவீரர் கொதித்தெழவே அவர் அக்கட்டளையை இரத்துச்செய்தார். 1905இலேதான் அவை திரும்பின. அப்போதைக்கு அவை முதுவீரரின் நினைவுப் பொருள்கள். குடியுரிமைக் கிளர்ச்சி எழுந்த காலத்தோ போர்க்கொடி வேறொரு பணிக்கு அழைக்கப்பட்டது. 1948இல் இனவொதுக்கலைக் காக்க எழுந்த கட்சியினர் அதனை ஏந்தினர். 1956இல் ஜோர்ஜியா தன் மாநிலக் கொடியிற் சேர்த்தது. 1961இல் தென் கரோலைனா தன் சட்டசபை மாடத்தில் ஏற்றியது. 2015 யூனில் சாள்ஸ்ரன் தேவாலயமொன்றில் கறுப்பர் ஒன்பதின்மர் கொல்லப்பட்ட பின்னரே, யூலை 10ஆந் தேதி அச்சபை வளவினின்றும் அது இறக்கப்பட்டது. 1894 முதல் அதனைத் தன் கொடியின் மூலையிற் கொண்டிருந்த மிசிசிப்பி 2020இல் அக்கொடியைக் கைவிட்டது. அவ்வாண்டு நவம்பரில் மக்கள் வாக்களித்து ஏற்ற புதிய கொடியின் நடுவே மகனோலியா மலரொன்று உள்ளது.