கம்பைலர் பதிப்புப் பொருத்தம்: சக்தி செயலியும் லினக்ஸும்

லினக்ஸை மூலநிரலிலிருந்து கட்டும்போது கெர்னல், சி நூலகம், அசெம்பிளர், கம்பைலர் ஆகியவற்றின் பதிப்புகள் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும் என்பது ஒரு நிபந்தனை. லினக்ஸ் பிறந்தபோதே இதுவும் உடன்பிறந்தது. 1991-இல் லைனஸ் டோர்வால்ட்ஸ் தம் கெர்னலை ஜிசிசி என்ற கம்பைலரின் 1.40 பதிப்பைக் கொண்டு தொகுத்தார். சி மொழியின் தரத்தோடு நிற்காமல் ஜிசிசிக்கே உரிய நீட்சிகளையும் நம்பிக் கெர்னல் எழுதப்பட்டதால், கம்பைலர் மாறும்போதெல்லாம் அதுவும் தடுமாறியது. 2000-இல் வெளியான ரெட் ஹாட் லினக்ஸ் 7.0, கெர்னலைத் தொகுப்பதற்கென்றே கேஜிசிசி என்ற பழைய கம்பைலரைத் தனியாகச் சேர்த்துக் கொடுத்தது.

தமிழ்நாட்டில் இச்சிக்கலின் முழு உருவத்தையும் காட்டுவது சென்னை ஐஐடியின் சக்தி செயலி. பேராசிரியர் காமகோடியின் தலைமையில் 2014-இல் தொடங்கிய இத்திட்டம், பெர்க்லியில் பிறந்த ரிஸ்க்-ஃபைவ் கட்டளைத் தொகுதியைத் தேர்ந்துகொண்டது. அப்போது அதற்கான கம்பைலர் ஜிசிசியின் அதிகாரபூர்வ வெளியீட்டில் இல்லை. தனியே பராமரிக்கப்பட்ட கிளைகளைத்தான் நம்ப வேண்டியிருந்தது. 2017 மே மாதம் ஜிசிசி 7, 2018 ஜனவரியில் லினக்ஸ் 4.15, பிப்ரவரியில் சி நூலகமான ஜிலிப்சி 2.27 என அடுத்தடுத்து ரிஸ்க்-ஃபைவுக்கு இடம் கிடைத்தது. அதே 2018-இல் இன்டெல் ஆலையில் 22 நானோமீட்டர் நுட்பத்தில் தயாரான சக்தி சில்லில் லினக்ஸ் ஓடியது.

சில்லு அச்சாகிவிட்டால் அதன் கட்டளைகள் மாறாது. கம்பைலரின் கணக்கோ மாறும். ரிஸ்க்-ஃபைவின் அடிப்படைத் தொகுதிக்கு 'ஐ' என்று பெயர். செயலியின் நிலைப் பதிவேடுகளைப் படிக்கும் கட்டளைகளும், புதிதாக எழுதப்பட்ட கட்டளைகளைச் செயலி கவனிக்கச் செய்யும் 'ஃபென்ஸ்.ஐ'-யும் முதலில் அதற்குள்ளேயே இருந்தன. 2019-இல் வந்த வரையறை இவற்றை ஸிசிஎஸ்ஆர், ஸிஃபென்ஸ்ஐ எனத் தனி நீட்சிகளாக்கியது. 2022 பிப்ரவரியில் வந்த, அசெம்பிளரை உள்ளடக்கிய பின்யூட்டில்ஸ் 2.38 அந்த வரையறையையே இயல்பாகக் கொண்டது. அதுவரை ஒழுங்காகத் தொகுக்கப்பட்ட கெர்னல், இந்த அசெம்பிளரிடம் 'அறியாத கட்டளை' என்ற பிழையோடு நின்றது. வன்பொருளிலும் நிரலிலும் குறையில்லை. நடுவில் இருந்த கருவி பழைய பெயருக்குப் புதுப் பொருள் கொண்டதே காரணம். ஆகவே மூலநிரலை மட்டும் பாதுகாத்தால் போதாது. எந்தக் கம்பைலர், எந்த அசெம்பிளர் என்ற குறிப்பும் அதனோடு இருக்க வேண்டும்.

கெர்னல்காரர்களின் தீர்வு எளிமையானது. புதிய பெயர்களைக் கட்டாயமாகச் சேர்த்தால் பழைய கம்பைலர் அவற்றை ஏற்காது என்பதால், கையிலிருக்கும் கம்பைலரிடம் முதலில் கேட்டுப் பார்த்து, அது அறிந்திருந்தால் மட்டும் சேர்க்கும்படி, தொகுக்கும் முறையைச் சொல்லும் மேக்ஃபைலைத் திருத்தினார்கள். திருத்தம் இல்லாத பழைய மூலநிரலை வைத்திருப்பவர்கள், பழைய வரையறையையே பின்பற்றுமாறு ஜிசிசிக்குத் தெரிவுக் குறிப்புக் கொடுக்கலாம், அல்லது அக்காலத்துக் கருவித்தொகுதியையே கட்டிக்கொள்ளலாம்: முதலில் பின்யூட்டில்ஸ், அடுத்து முதற்கட்ட ஜிசிசி, கெர்னல் தலைப்புக் கோப்புகள், ஜிலிப்சி, இறுதியில் முழு ஜிசிசி.

லினக்ஸ் கேட்கும் குறைந்தபட்ச ஜிசிசி, 2021-இல் 5.1 ஆகவும் 2025-இல் 8 ஆகவும் உயர்ந்தது. ரிஸ்க்-ஃபைவை முதன்முதலில் ஏற்ற ஜிசிசி 7-ஐக் கொண்டு இன்றைய கெர்னலைத் தொகுக்க இயலாது.