அழுத்தமானியும் அடைத்த உணவும்

நான் பிறந்த குருசுக்குப்பத்தில் மீனவர் மீனை உப்பிட்டு, வெயிலில் உலர்த்திக் காத்தனர். உணவைப் புட்டியில் அடைத்துக் கொதிநீரில் இட்டும் காக்கலாம் என்று 1810-இல் நூலெழுதி, 12,000 பிராங்கு பரிசு பெற்றார் நிக்கோலா அப்பேர் என்னும் பிரெஞ்சுக்காரர். அவர் வழிவந்த ரேமோன் செவாலியே அப்பேர், 1852-இல் மூடிய நீராவிக் கொப்பரைக்கு அழுத்தமானியைப் பொருத்தினார்.

இத்தகைய கருவிகளைப் பேணுவதே உணவாலைப் பொறியாளனாகிய என் தொழில். ஆயினும் அழுத்தமானியை மட்டும் நான் நம்புவதில்லை. கொப்பரையில் காற்றுத் தங்கிவிட்டால், முள் உரிய அழுத்தத்தையே காட்டும். வெப்பமோ 121 பாகை செல்சியசை எட்டாது. பொட்டுலிசக் கிருமியின் வித்துக்கள் பிழைத்து, காற்றுப் புகாத தகரக் குவளைக்குள் பின்னர் நஞ்சைச் சுரக்கக்கூடும். ஆதலின் காற்றுப்போக்கியைச் சோதித்து, வெப்பமானியையும் பார்த்த பின்னரே வேகும் நேரத்தை எண்ணத் தொடங்குவோம். உண்பவர் எவரென நான் அறியேன். அவர் உயிரோ அச்சிறு துளையை நம்பியிருக்கிறது.